மூச்சு முட்டும் நேரத்தில் படிக்க ஒரு தாள்: ஆஸ்துமா சுயபராமரிப்புத் திட்டத்தை எளிமையாக்குவது எப்படி?

“அறிகுறிகள் தீவிரமடையும் பட்சத்தில் நிவாரணி மருந்தின் பயன்பாட்டு இடைவெளியைக் குறைத்து, தேவைக்கேற்ப மருத்துவ ஆலோசனை பெறவும்.”

ஆஸ்துமா உள்ள ஒருவரிடம் வீட்டில் வைத்துக்கொள்ளக் கொடுக்கும் தாளில் இப்படி ஒரு வரி இருந்தால், இலக்கணத்தில் குறை சொல்ல முடியாது. மருத்துவத்திலும் தப்பில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு இருமி இருமி எழுந்து உட்கார்ந்திருப்பவர் இதைப் படித்துவிட்டு என்ன செய்வார்? தீவிரம் என்றால் எவ்வளவு? நேற்றைவிடக் கொஞ்சம் அதிகமா, வாய் திறந்து பேச முடியாத அளவா? நிவாரணி மருந்து எது? பையில் மூச்சில் இழுக்கும் பம்பு (இன்ஹேலர்) இரண்டு கிடக்கிறதே. இடைவெளியைக் குறைப்பது என்றால் ஆறு மணி நேரத்தை நாலாக்குவதா, நாலை ஒன்றாக்குவதா? தேவைக்கேற்ப என்றால் இப்போதே போன் செய்வதா, விடிந்ததும் பார்த்துக்கொள்வதா? ஒரே வரி, நான்கு முடிவுகளைத் தூக்கி நோயாளி தலையில் வைத்துவிட்டது. அதுவும் மூளைக்குக் காற்றே ஒழுங்காகப் போகாத நேரத்தில்.

சுயபராமரிப்புத் திட்டம் என்று பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் ஒரு பக்கம்தான். நன்றாக இருக்கும் நாளில் என்ன மருந்து, கொஞ்சம் மோசமானால் எதைக் கூட்டுவது, ரொம்ப மோசமானால் எங்கே ஓடுவது என்பதை மருத்துவர் உங்களுக்கென்று எழுதித் தருகிறார். எழுத்தில் ஒரு திட்டம், அதை உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது, அவ்வப்போது மருத்துவரைப் பார்ப்பது என்று மூன்றும் சேர்ந்தால் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆவதும் எமர்ஜென்சிக்கு ஓடுவதும் குறைகின்றன. பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லியிருப்பது இது. 1993-ல் தொடங்கிய ‘கினா’ என்ற உலக ஆஸ்துமா அமைப்பும் ஒவ்வொரு நோயாளிக்கும் எழுத்தில் திட்டம் வேண்டும் என்கிறது. கொடுக்கிறார்களா என்பது ஒரு கேள்வி. கொடுத்த தாள் வீட்டில் யாருக்காவது புரிகிறதா என்பது அடுத்த கேள்வி. இங்கே பேசப் போவது அடுத்ததை.

பெங்களூருக்கு இது சின்ன விஷயம் இல்லை. இங்கே குழந்தை மருத்துவர் எச். பரமேஷ், தம் மருத்துவமனைக்கு வந்த 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை இருபது ஆண்டுகளில் திரும்பத் திரும்பக் கணக்கெடுத்தார். ஆஸ்துமா இருந்தவர்கள் 1979-ல் 9 சதவீதம், 1999-ல் 29.5 சதவீதம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கணக்குதான், ஊர் முழுவதற்கும் அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் அந்த ஏற்றத்தைப் பார்த்துவிட்டு, ‘ஏசி சிட்டி’ என்று சொல்லிக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

இரண்டு பம்பு, இரண்டு வேலை

திட்டத்தைப் புரிந்துகொள்ள உடம்பைப் பற்றி ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்க்கு இரண்டு கோளாறு. ஒன்று, உள்சுவர் வீங்கிச் சளி கட்டியிருக்கும். இது சத்தமில்லாமல் எப்போதும் நடப்பது, நன்றாக இருக்கும் நாளிலும் நடப்பது. இரண்டு, தூசியோ புகையோ குளிர்காற்றோ பட்டதும் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்ளும். நாம் வீசிங் என்றும் இழுப்பு என்றும் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான், ஏனென்றால் நமக்குத் தெரிவது இதுதான்.

சால்பூட்டமால் போன்ற உடனடி மருந்து தசையைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும். ஆரம்பத்து வரியில் ‘நிவாரணி’ என்றது இதைத்தான். நாலைந்து மணி நேரம் தாங்கும். வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்தைக் குறைப்பது புடெசொனைடு போன்ற தினசரி மருந்து, மெதுவாக, நாட்கணக்கில், வாரக்கணக்கில். முதல் மருந்தின் பலன் உடனே தெரிகிறது; இரண்டாவது எதையுமே செய்யாத மாதிரி இருக்கிறது. அதனால் ஜனங்கள் எதை விடுவார்கள்? தினமும் எடுக்க வேண்டியதை விட்டுவிட்டு, ஆத்திர அவசரத்துக்கு உள்ளதை அன்றாடம் இழுப்பார்கள். இது முட்டாள்தனம் இல்லை. யாரும் விளக்காதபோது கண்ணால் கண்டதை நம்பித்தானே எவரும் நடப்பார்கள்.

ஆகவே தாளின் முதல் வேலை, எந்தப் பம்பு எதற்கு என்று சொல்வது. மருந்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. “இது தினமும். நன்றாக இருந்தாலும் எடுக்க வேண்டும்” என்று ஒன்றின் மேல், “இது மூச்சு இறுகும்போது மட்டும்” என்று மற்றதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டுவது இன்னும் நல்லது. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். உடனடி மருந்துப் பம்பு பல கம்பெனிகளில் நீலமாக வரும், மற்றவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அடுத்த மாதம் கடைக்காரர் வேறு கம்பெனி கொடுத்தால் “நீலப் பம்பு” என்ற வரி குழப்பத்தில்தான் முடியும்.

இதில் ஒரு புதுச் சிக்கலும் உண்டு. 2019-ல் கினா தன் பரிந்துரையை மாற்றியது: பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் வெறும் சால்பூட்டமாலை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்றது. வீக்கத்துக்கான மருந்தும் தசையைத் தளர்த்தும் ஃபார்மோட்டெராலும் ஒன்றாகக் கலந்த ஒரே பம்பைத் தினசரிக்கும் அவசரத்துக்கும் சேர்த்தே தரும் முறை இப்போது பரவிவருகிறது. அப்படிப்பட்டவருக்குப் பழைய இரண்டு பம்புத் தாளைக் கொடுத்தால் வேலைக்கு ஆகாது. அவர் தாளில் “தினமும் இத்தனை, மூச்சு இறுகினால் கூடுதலாக ஒன்று, ஒரு நாளில் மொத்தம் இத்தனைக்கு மேல் போனால் ஆஸ்பத்திரி” என்ற கணக்கு எண்ணாகவே இருக்க வேண்டும்.

பச்சை, மஞ்சள், சிவப்பு

உலகம் முழுக்க இந்தத் தாள்கள் சிக்னல் விளக்கு மாதிரி மூன்று பகுதியாகப் பிரிக்கப்படுகின்றன. நல்ல யோசனைதான். ஆனால் சில்க் போர்டு சந்திப்பில் மஞ்சள் விழுந்ததும் நாம் என்ன செய்கிறோம்? ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறோம். பல நோயாளிகள் தாளின் மஞ்சளையும் அப்படித்தான் நடத்துகிறார்கள்: “இன்னும் சிவப்பு வரலையே, ஓட்டிடலாம்.” ஒரு திட்டத்தின் உயிரே மஞ்சளில்தான் இருக்கிறது. பச்சையில் வழக்கமானதைச் செய்தால் போதும். சிவப்பில் யோசிக்க ஒன்றுமில்லை, ஓட வேண்டியதுதான். மஞ்சளில் செய்வதைச் சரியாகச் செய்தால் சிவப்பு பெரும்பாலும் வராது. எழுதுபவர்கள் மிகவும் வழவழவென்று எழுதுவதும் இந்தப் பகுதியைத்தான். “எச்சரிக்கையாக இருக்கவும்” என்பார்கள். எச்சரிக்கையாக இருப்பது என்றால் கையால் என்ன செய்வது?

ஆரம்பத்தில் பார்த்த அந்த வரியைத் திருத்தி எழுதிப் பார்ப்போம். ஸ்ரீராம்புரத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் ஒரு பூக்கடை அம்மாவுக்கு என்று வைத்துக்கொள்வோம். மருந்தளவு உதாரணத்துக்குத்தான். உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் எழுத வேண்டும்.

“ராத்திரி இருமலால் முழிப்பு வந்தால், அல்லது மாடி ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கினால், அல்லது நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால்:

உட்காருங்கள். அவசரப் பம்பில் 2 தடவை இழுங்கள்.

கடிகாரம் பாருங்கள். 20 நிமிஷம் ஆகியும் குறையவில்லையா? இன்னும் 2 தடவை. மறுபடி 20 நிமிஷம் பார்த்து இன்னும் 2 தடவை இழுக்கலாம்.

1 மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

சரியாகிவிட்டாலும், ஒரே வாரத்தில் இப்படி இரண்டாவது ராத்திரி நடந்தால் அடுத்த நாளே டாக்டரைப் பாருங்கள். தினசரிப் பம்பை நிறுத்தாதீர்கள்.”

வரிகள் கூடிவிட்டன; சொற்களும் கூடிவிட்டன. எளிமை என்றால் சுருக்கம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதல் வரி சின்னதுதான், அதைப் படித்தபின் யோசிக்க வேண்டியது ஏகப்பட்டது. இரண்டாவது நீளம், யோசிக்க எதுவுமே இல்லை. அறிகுறியும் அவருடைய அன்றாடத்திலிருந்தே வருகிறது. ‘உழைப்பின்போது மூச்சுத்திணறல்’ என்றால் அவருக்கு மனதில் எதுவும் தோன்றாது. மாடிப்படி தினமும் ஏறுவது, எத்தனையாவது படியில் நிற்கிறோம் என்று அவருக்கே தெரியும். பீன்யா தொழிற்பேட்டையில் வேலை செய்பவருக்கு வேறு அடையாளம், கார்மெண்ட்ஸில் தைப்பவருக்கு வேறு, ஸ்கூல் பையனுக்கு பி.டி. பீரியட்.

பீக் ஃபுளோ மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. ஊதினால் முள் நகர்ந்து, மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே விட முடிகிறது என்று எண் காட்டும் இந்தக் கருவியை மார்ட்டின் ரைட் என்ற பிரிட்டிஷ்காரர் 1950-களில் உருவாக்கினார். இப்போது கையடக்கமாக, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. உடம்பு நன்றாக உள்ள நாட்களில் இரண்டு வாரம் ஊதிப் பார்த்து, வந்ததில் பெரிய எண்ணை உங்கள் சொந்த உச்சம் என்று குறித்துக்கொள்வார்கள். அதில் 80 சதவீதமும் அதற்கு மேலும் பச்சை, 50 முதல் 80-க்குள் மஞ்சள், 50-க்குக் கீழே சிவப்பு. தாளிலும் அப்படியே அச்சடித்துவிடுவார்கள். சதவீதக் கணக்கை யார் போடுவது? உச்சம் 400 என்றால் “320-ம் அதற்கு மேலும் பச்சை, 200 முதல் 320-க்குள் மஞ்சள், 200-க்குக் கீழே சிவப்பு” என்று போட்டுத் தந்துவிட வேண்டும். அதைவிட நல்லது, மீட்டரின் மேலேயே 320-லும் 200-லும் நிற டேப் ஒட்டிவிடுவது. அப்புறம் எண் படிக்கத் தெரியாதவரும் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடுவார்.

நிறத்தைப் பற்றி இன்னொன்று. வண்ணத்தில் அழகாக அச்சடித்த தாளை ஜெராக்ஸ் எடுத்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் ஒரே சாம்பல். வீட்டுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஜெராக்ஸ்தான். ஆண்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்ப்பதே கஷ்டம். ஒவ்வொரு பகுதியின் தலையிலும் “நன்றாக இருக்கிறேன்”, “மோசமாகிறது”, “ஆபத்து” என்று பெரிய எழுத்தில் இருந்தால் நிறம் போனாலும் தாள் பிழைக்கும்.

தமிழில் எழுதினால் போதுமா?

போதாது என்பதுதான் பெங்களூர்க்காரர்களின் அனுபவம். அல்சூர், மர்ஃபி டவுன், சிவாஜிநகர், லிங்கராஜபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் வீட்டுக்குள் பேசுவது தமிழ். ஆனால் படிப்பு? பாட்டி பள்ளிக்கூடமே போகாதவர். அப்பா கன்னட மீடியம், தமிழ் எழுத்து கூட்டக் கூட்டத்தான் வரும். மகள் இங்கிலீஷ் மீடியம், தமிழ் போர்டைப் பார்த்தால் படம் பார்ப்பது போலப் பார்ப்பாள். இப்படி ஒரு வீட்டுக்குச் சுத்தமான தமிழ்த் தாளைக் கொடுத்துவிட்டு நம் கடமை முடிந்தது என்று நினைத்தால், பாட்டிக்கு மூச்சு முட்டும்போது அந்த வீட்டில் அதைப் படிக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது மொழியை இல்லை, ஆளை. ராத்திரி உங்களுக்கு முடியவில்லை என்றால் பக்கத்தில் யார் இருப்பார்? அவர் எந்த எழுத்து படிப்பார்? மருமகள் கன்னடம் படிப்பவர் என்றால் தாள் கன்னடத்தில் இருக்கட்டும். யாருமே படிப்பதில்லை என்றால் படமும் குரலும். நர்ஸோ, வீட்டுப் பிள்ளையோ திட்டத்தைத் தமிழில் நிதானமாகச் சொல்லி ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜாக வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டால், எழுத்தே வேண்டாம். பச்சைக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று தனித்தனியாக அனுப்ப வேண்டும். அவசரத்தில் நாலு நிமிடப் பேச்சில் நமக்கு வேண்டிய இடத்தை யாரும் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

படம் போடும்போதும் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். இணையத்தில் கிடைக்கும் இன்ஹேலர் ஓவியத்தைவிட, அவர் கையில் உள்ள பம்பையே போனில் படமெடுத்து அச்சடித்து ஒட்டினால் சந்தேகமே வராது. மருந்துச் சீட்டில் வரும் பி.டி. (இரண்டு வேளை), எஸ்.ஓ.எஸ். (தேவைப்பட்டால் மட்டும்) என்ற குறிகளைத் தாளில் விட்டு வைக்க வேண்டாம். ஆனால் 1-0-1 என்பது வேறு கதை. காலை, மதியம், ராத்திரி என்று நம் ஜனங்களுக்கு அது நன்றாகப் பழகிவிட்டது, அதை ஏன் தூக்க வேண்டும்? எளிமைப்படுத்துகிறேன் என்று தெரிந்ததையும் மாற்றிக் குழப்புபவர்கள் உண்டு.

1-0-1 புரிந்தாலும் எல்லாம் புரிந்ததாக ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அல்சூர்ப் பக்கம் ஒரு மருத்துவ முகாமில் பதிவு மேசையில் உட்கார்ந்திருந்தபோது, வயதான ஓர் அம்மா வீசிங் குறையவே இல்லை என்று வந்தார். கையில் ரோட்டாகேப் டப்பா. உள்ளே இருப்பது கருவியில் போட்டு இழுக்க வேண்டிய பொடி, பார்ப்பதற்கு மட்டும் விழுங்கும் கேப்சூல் மாத்திரை மாதிரி இருக்கும். நர்ஸ் கேட்டார்:

“எப்படிம்மா எடுக்குறீங்க இத?”

“காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. தண்ணி ஊத்தி முழுங்கிடுவேன் கண்ணு. ஒரு நாள்கூட தப்பல.”

“இதோட ஒரு கருவி குடுத்திருப்பாங்களே?”

“அந்த பிளாஸ்டிக்கு சாமானா? பேத்தி வெளையாடிட்டு இருக்கா.”

நர்ஸ் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. மேசையிலிருந்த மாதிரிக் கருவியை எடுத்துக் கேப்சூலைச் சொருகி, திருகி, “மூச்சை முழுசா வெளிய விடுங்க… இப்ப வாய்ல வெச்சு வேகமா, ஆழமா இழுங்க” என்று செய்து காட்டினார். அப்புறம்தான் முக்கியமான வேலையைச் செய்தார். கருவியை அந்த அம்மா கையில் கொடுத்து, “நான்தான் இப்ப புதுசா வந்த பேஷண்ட். எனக்குச் சொல்லிக் குடுங்க பாக்கலாம்” என்றார். அம்மா முதல் தடவை கருவிக்குள்ளேயே ஊதிவிட்டார். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

திருப்பிச் சொல்லச் சொல்வது உலகமெங்கும் சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்றுத்தரப்படும் ஒரு முறை. “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், மருத்துவர் முன்னால் புரியவில்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? “நான் சரியா சொன்னேனான்னு பாக்கணும், வீட்டுக்குப் போனதும் என்ன செய்வீங்கன்னு சொல்லுங்க” என்று கேட்டால் பரீட்சை நோயாளிக்கு இல்லை, சொன்னவருக்கு என்றாகிவிடுகிறது. கூச்சமும் போய்விடும்.

அழுத்தும் பம்புக்குச் செய்முறை வேறு. நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, இழுத்ததைப் பத்து விநாடி உள்ளே நிறுத்த வேண்டும். பொடிக் கருவியில் வேகமாக, பம்பில் மெதுவாக. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் மாறிப்போவது சகஜம். கையும் மூச்சும் ஒத்துவரவில்லை என்றால் ஸ்பேசர், அதாவது பம்புக்கும் வாய்க்கும் நடுவே வரும் குழாய், மாட்டிக்கொள்ளலாம், குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் அது கட்டாயம் என்றே சொல்வேன். அமெரிக்காவில் நடந்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், எளிய மொழியில் படங்களோடு தயாரித்த திட்டத்தாளை வைத்துப் பேசிய மருத்துவர்கள், வழக்கமான தாளை வைத்துப் பேசியவர்களைவிட அதிகமாக “காலையில், ராத்திரியில்” என்று நேரத்தைச் சொன்னார்கள், ஸ்பேசரையும் மறக்காமல் சொன்னார்கள். தாள் எளிமையாக இருந்தால் மருத்துவரின் பேச்சும் எளிமையாகிவிடுகிறது என்பது எனக்கு இதில் பிடித்த விஷயம்.

தூசி, புகை தவிர்க்கவும்

எல்லாத் தாளிலும் இந்த வரி இருக்கும். மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டோரம் குடியிருப்பவர் தூசியை எப்படித் தவிர்ப்பார்? செய்ய முடியாததை எழுதினால், செய்ய முடிந்ததையும் சேர்த்தே படிக்காமல் விடுவார்கள். அவரிடமே கேட்டு, அவர் வீட்டில் நடப்பதில் இரண்டு மூன்றை எழுதினால் போதும். “செவ்வாய், வெள்ளி சாம்பிராணி போடும்போது வெளியில் போய் உட்காருங்கள்.” “கொசுவத்திச் சுருள் வேண்டாம், கொசுவலை கட்டுங்கள்.” “மழைக்காலத்தில் ஓதம் ஏறிக் கறுத்த சுவர்ப் பக்கம் படுக்காதீர்கள்.” காலி மனைகளில் மண்டும் காங்கிரஸ் செடி, அதாவது பார்த்தீனியம், பூக்கும் சமயத்தில் சிலருக்கு ஆகவே ஆகாது. அப்படிப்பட்டவர் வேறு தெரு வழியாக வாக்கிங் போகலாம். தீபாவளிக்கு முந்தின வாரம் தினசரிப் பம்பை ஒரு வேளைகூட விடக் கூடாது என்பதையும் எழுதிவிடலாம்.

தாளில் வழக்கமாக இல்லாத, ஆனால் கண்டிப்பாக இருக்க வேண்டிய ஒன்று ஸ்டீராய்டு பயம். தினசரிப் பம்பை நிறுத்துபவர்களைக் கேட்டால் பாதிப் பேர் “அது ஸ்டீராய்டாமே, பழக்கமாகிடுமாமே” என்பார்கள். பயம் நியாயமானது, அளவு தெரியாததால்தான் இவ்வளவு பெரிதாகிறது. கடும் இழுப்பு வந்தால் பெரியவர்களுக்கு ஐந்து முதல் ஏழு நாள் வரை கொடுக்கப்படும் பிரெட்னிசொலோன் மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் அளவில் இருக்கும். பம்பை ஒரு தடவை இழுத்தால் உள்ளே போவது, உதாரணத்துக்கு, 200 மைக்ரோகிராம். 40 மில்லிகிராம் என்பது 40,000 மைக்ரோகிராம். மருந்து வேறு வேறு, வீரியமும் வேறு, அதனால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் எது கடுகு, எது பூசணிக்காய் என்று தெரிந்துவிடுகிறது. தினசரிப் பம்பை விட்டவர்தான் கடைசியில் மாத்திரையிலும் ஊசியிலும் பெரிய அளவு ஸ்டீராய்டு வாங்கிக்கொள்கிறார். இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்வதும் இதோடு சேர்ந்தது. வாயில் தங்கும் மருந்தால் வெள்ளை படியாமல் இருக்கத்தான்.

அவசரப் பம்பு வாங்கும் தேதியை டப்பா மேல் எழுதச் சொல்லுங்கள். அதில் பொதுவாக 200 தடவை இழுக்க மருந்து இருக்கும். வருஷத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ காலியானால் கடும் இழுப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது; மாதம் ஒன்று என்று பன்னிரண்டைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது என்கிறது கினா. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு கேட்காமல் கொடுக்கிறார்கள் என்பதால் இந்தக் கணக்கை வேறு யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

சிவப்புப் பகுதி நோயாளிக்கு இல்லை

இதைப் படிக்கப் போவது பக்கத்தில் இருப்பவர். மூச்சுக்குப் போராடுபவர் தாளைத் தேடி எடுத்துக் கண்ணாடி மாட்டிப் படிக்க மாட்டார். எனவே அந்தப் பகுதி மட்டும் மருமகளையோ மகனையோ பக்கத்து வீட்டு அக்காவையோ பார்த்துப் பேச வேண்டும். “அவரால் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, கழுத்துக் குழியும் விலா இடுக்கும் உள்ளே இழுக்கின்றன, உதடு நீலம் பாய்கிறது, தூக்கக் கலக்கமாக இருக்கிறார்: இதில் ஒன்று இருந்தாலும் ஆபத்து. படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி உட்கார வையுங்கள். அவசரப் பம்பை ஸ்பேசரில் மாட்டி, டாக்டர் எழுதிய அளவு ஒவ்வொன்றாகக் கொடுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும்வரை பம்பு தொடரட்டும்.” இழுப்புச் சத்தம் திடீரென்று நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது என்பதும் இங்கே ஒரு வரி. ஆள் இன்னும் தவித்துக்கொண்டிருந்தால், சத்தம் போடுமளவுக்குக்கூட உள்ளே காற்று போகவில்லை என்று அர்த்தம்.

108-ல் பேசும்போது பதற்றத்தில் சொந்த முகவரியே மறந்துபோகும். பெங்களூரில் ஆறாவது கிராஸ், மூன்றாவது மெயின் ஒவ்வொரு பேட்டையிலும் ஒன்று உண்டு. போனில் படித்துக் காட்டுகிற மாதிரி முழு முகவரி, பக்கத்துக் கோயில் அல்லது சர்ச் அல்லது மசூதியின் பெயர், எத்தனையாவது மாடி, எல்லாம் தாளின் அடியில் இருக்கட்டும். கன்னடம் பேச வராதவர் வீட்டில் தனியாக இருக்க வாய்ப்பிருந்தால், “மூச்சுவிட முடியவில்லை, ஆம்புலன்ஸ் வேண்டும்” என்பதன் கன்னடத்தைத் தமிழ் எழுத்திலேயே எழுதி வைக்கலாம்: “உசிராடோக்கே ஆக்தில்ல, ஆம்புலன்ஸ் பேக்கு.”

இதையெல்லாம் மருத்துவரிடம் எழுதி வாங்குவது எப்படி என்பதுதான் நிஜமான கஷ்டம். 67 நாடுகளில் மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரத்தைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017-ல் வந்தது. இந்தியாவில் சுமார் இரண்டு நிமிடம். ஸ்வீடனில் இருபத்திரண்டரை நிமிடம். இரண்டு நிமிடத்தில் யாரும் திட்டம் எழுதிவிட முடியாது, மருத்துவரைக் குறை சொல்லியும் பயனில்லை. ஆகவே காலித் தாளை வீட்டிலிருந்தே பாதி நிரப்பிக்கொண்டு போங்கள். பம்புகளின் படம், எது தினசரி என்று நீங்கள் நினைப்பது, மாடிப்படி மாதிரி உங்கள் அடையாளங்கள், முகவரி, எல்லாம் எழுதியிருக்கட்டும். மருத்துவர் நிரப்ப வேண்டியது நாலே இடம்: தினமும் எத்தனை, மோசமானால் எத்தனை, எப்போது போன், எப்போது ஆஸ்பத்திரி. பம்பையும் பையில் போட்டு எடுத்துச் சென்று, அங்கே இருக்கும் நர்ஸிடம் ஒரு தடவை இழுத்துக் காட்டிவிடுங்கள். ஊரில் உள்ள நம்ம கிளினிக்கோ பெரிய ஆஸ்பத்திரி ஓபியோ, எங்கே போனாலும் இது பொருந்தும்.

தாளின் மூலையில் தேதி போடச் சொல்லுங்கள். மருந்து மாறினாலோ, எமர்ஜென்சிக்குப் போய் வந்தாலோ, குழந்தைக்கு வயது கூடினாலோ அந்தத் தாள் காலாவதி. புதுத் தாள் வந்த அன்றே பழையதைக் கதவின் பின்பக்கம், மருந்துப் பை, பள்ளிக்கூடத்து டீச்சரிடம் கொடுத்தது, குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டது என்று எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள்.